புளித்த சாறும் பொறுத்த மனமும்

கள்ளுண்ணல் தீது என மாணவர்க்கு உரைக்கும் கடப்பாடுடைய நாம், வைன் செய்து பெயர்பெற்ற ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பை அளித்தல் கூடும். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. அதனை எமது தந்தையார் எமக்குச் சிறு வயதிலேயே மனனஞ் செய்வித்தார். நாம் மதுவைத் தொட்டவரல்லேம். இனித் தொடும் எண்ணமும் எமக்கில்லை. ஆயினும், அவுஸ்திரேலியாவிற் பிறந்து வாழ்ந்து 1994ஆம் ஆண்டு மறைந்த மக்ஸ் ஷூபேர்ட் என்னும் வைன் வல்லுநர் கடந்த சில கிழமைகளாக எமது சிந்தையை விட்டு அகலாதிருக்கின்றார்.

அவரை எமக்கு அறிமுகஞ் செய்தவர் எமது பழைய மாணாக்கர் ஒருவர். அடிலெயிட் நகரில் நீரைச் சோதிக்கும் ஆய்வுகூடமொன்றிலே தொழில் புரியும் அவர், சென்ற மார்கழி விடுமுறைக்கு மனைவி மக்களோடு ஊர் வந்திருந்தார். ஒரு மாலைப் பொழுதில் எம்மைக் காண வந்தார். நூல்கள் திராட்சை எனவும் எம்மூரார் முந்திரிகை எனவும் வழங்கும் கொடியின் பந்தல் எமது முற்றத்தில் உண்டு. அதன் கீழ் இருவரும் அமர்ந்து உரையாடினோம். பந்தலை நிமிர்ந்து பார்த்தவர், தமது நகரை அடுத்துள்ள மகில் என்னும் இடத்தில் தாம் கண்ட பழைய வைன் நிலவறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். “அந்த மனிதரின் கதையைக் கேட்டபோது உங்களைத்தான் நினைத்தேன், சேர்” என்றார். ஏன் எம்மை நினைத்தார் என்பது அப்பொழுது எமக்கு விளங்கவில்லை.

அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நாம் தேடி வாசித்தறிந்ததையும் இங்கே சேர்த்துத் தருகின்றோம்.

மக்ஸ் ஷூபேர்ட் 1915ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலியாவிலே, பறோசாப் பள்ளத்தாக்கை அடுத்த சிற்றூரொன்றில், ஜேர்மானிய வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்தார். உலகெங்கும் தொழில் மந்தமுற்றிருந்த 1931இல், பதினாறு வயதளவில், பென்போல்ட்ஸ் என்னும் வைன் நிறுவனத்தின் நூரியூற்பாத் தொழிலகத்திலே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பெரும் பட்டங்கள் எவையும் அவரிடமில்லை. பகலில் வேலை செய்து இரவு வகுப்புகளில் இரசாயனம் பயின்றார். இரண்டாம் உலகப் போரிற் படையிற் சேர்ந்து சேவை செய்து மீண்டார். 1948ஆம் ஆண்டு, தமது 33ஆம் வயதில், அந்நிறுவனத்தின் தலைமை வைன் வல்லுநர் ஆனார்.

அக்காலத்தில் அவுஸ்திரேலிய மக்கள் பெரிதும் விரும்பியது ஷெரி, போர்ட் முதலான, மதுசாரம் ஊட்டிய இனிப்பு வகைகளையே. எனவே ஷெரி செய்யும் முறையைக் கற்று வருமாறு 1950இல் நிறுவனம் அவரை ஸ்பெயினுக்கு அனுப்பிற்று. ஷூபேர்ட் சென்ற காரியத்தை முடித்துக்கொண்டு, பிரான்சிலுள்ள போர்தோப் பிரதேசத்துக்கும் சென்றார். அங்கே கிறிஸ்ரியன் குறூஸ் என்னும் முதிய வணிகர், நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிலவறையிற் கிடந்த சிவப்பு வைன்களை அவருக்குக் காட்டினார். அத்துணைக் காலம் கழிந்தும் அவை கெடாதிருந்தன. அத்துடன் மேலும் மேலும் சிறந்திருந்தன என்பதும் ஷூபேர்ட்டை வியக்க வைத்தது. ஷெரி கற்கச் சென்றவர், தம் நாட்டிலும் அரை நூற்றாண்டு வாழக்கூடிய வைன் ஒன்றைச் செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

இவ்விடத்தில் எமது தொழிற்புத்தி குறுக்கிடுவதை வாசகர் பொறுத்தருள்க. பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை மதுவம் என்னும் நுண்ணுயிர் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதே நொதித்தல். சிவப்பு வைனுக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தருபவை பழத்தின் தோலும் விதையுமாம். இத்துவர்ப்புப் பொருள்கள் மிகுந்த வைன் இளமையில் நாவை உறுத்தும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை தம்முள் இணைந்து மாறுந் தன்மையன; உறுத்தல் தணிந்து, வேறு மணமும் சுவையும் பிறக்கும். ஆகவே, நெடுங்காலம் வாழ வேண்டிய வைன் தொடக்கத்திற் கடுமையாக இருந்தே தீரும்.

போர்தோவில் வழங்கிய பழவகைகள் தென் அவுஸ்திரேலியாவில் அக்காலத்திற் போதியளவு கிடைத்தில. ஷூபேர்ட் அதற்காகத் தளரவில்லை. தம் நாட்டில் நன்கு விளைந்த ஷிராஸ் என்னும் பழத்தைத் தெரிந்தெடுத்தார். 1951ஆம் ஆண்டு முதற் பரிசோதனை நடந்தது. தோல்கள் மேலே மிதந்துவிடாது சாற்றினுள் அமிழ்ந்திருக்கப் பலகைகளை இட்டார். வெப்பம் மிகாதபடி சாற்றைக் குளிர்வித்து, நொதித்தலை மெதுவாக நடத்தினார். நொதித்தல் முற்றும் முடியுமுன்னரே சாற்றைப் புதிய அமெரிக்க ஓக் மரப் பீப்பாக்களில் இட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரு பகுதியை வழமையான பழைய பெரும் பீப்பாவிலும் இட்டு வைத்தார். இரசாயன ஆசிரியராகிய எமக்கு இச்செய்தி பெரிதும் உவப்பளித்தது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை எனப் பாடசாலையில் நாம் படிப்பிப்பது இதனையே. இவ்வைனுக்குக் கிறேஞ்ச் எனப் பெயரிட்டார். நிறுவனத்தைத் தொடக்கிய மருத்துவர் பென்போல்ட் தம்பதியர் மகிலில் வாழ்ந்த குடிலின் பெயர் அது.

ஆறாண்டுகள் இவ்வாறு கழிந்தன. போத்தல்கள் நிலவறையிற் பெருகின. போட்ட பணமோ திரும்பவில்லை. சிட்னியில் இருந்த தலைமைப்பீடத்தார், 1951 முதல் 1956 வரையான வைன்களைக் கொண்டுவரச் செய்து, நகரத்து வைன் அறிஞரையும் தம் நண்பரையும் அழைத்துச் சுவைக்கச் செய்தனர். முடிவு பெரும் ஏமாற்றம். காட்டுப் பழங்களை நசுங்கிய எறும்புகளோடு கலந்த கலவை போலிருக்கிறது என்றார் ஒருவர். புத்தியுள்ள எவரும் இதனை வாங்கார் என்றார் இன்னொருவர். அடிலெயிட்டிலே மறுபடி சுவைத்துப் பார்த்தபோதும் புகழுரை கிடைத்திலது. 1957ஆம் ஆண்டு அறுவடைக்கு முன்னர், கிறேஞ்ச் செய்வதை நிறுத்துக என எழுத்து மூலம் கட்டளை வந்தது.

நிறுத்தினாரா? இல்லை. 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், மகில் நிலவறைகளின் உட்புறத்தே, ஷூபேர்ட் கிறேஞ்சை மறைவாகச் செய்துகொண்டேயிருந்தார். சிட்னி ஆயிரங் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தது அவருக்குத் துணையாயிற்று.

இங்கே நாம் சற்றுத் தயங்குகின்றோம். கட்டளையை மீறி, முதலாளியின் பழத்தையும் முதலாளியின் பீப்பாவையுங் கொண்டு, முதலாளி அறியாதபடி ஒரு காரியத்தைச் செய்வது நன்றா? இதனை முன்மாதிரி என வகுப்பிலே சொல்ல எமக்குத் துணிவில்லை. வைன் தோற்றிருந்தால் உலகம் அவரை வஞ்சகர் என்றே சொல்லியிருக்கும். வென்றமையால் வீரர் என்கிறது. வெற்றியைக் கொண்டு ஒரு செயலின் நன்மை தீமையை அளப்பது நேர்மையன்று. ஆயின் ஒன்றைச் சொல்லலாம். ஷூபேர்ட்டின் பிடிவாதம் வெறும் பிடிவாதமன்று. அதன் பின்னால் ஒப்பீடும் குறிப்பும் ஆறாண்டு உழைப்பும் இருந்தன. அவரைத் தீர்ப்பளித்தவர்களிடமோ ஒரு மாலைப் பொழுது மாத்திரமே இருந்தது.

மறைவிற் செய்தமைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. புதிய பீப்பா வாங்கப் பணமில்லை. பழைய பீப்பாக்களையே திரும்பப் பயன்படுத்தினார். அதனால் அம்மூன்றாண்டு வைன்களும் ஏனையவற்றின் நிறைவைப் பெறவில்லை என்பதை ஷூபேர்ட்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தடையை மீறி ஒன்று உயிர் பிழைத்தாலும், பெறவேண்டிய ஊட்டத்தை முழுவதும் பெறுவதில்லை.

இதற்குள் நிலவறையிற் கிடந்த பழைய போத்தல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. துவர்ப்புத் தணிந்தது, மணம் விரிந்தது. அவற்றைச் சுவைத்தவர்கள் மெல்ல மெல்ல வேறுவிதமாகப் பேசத் தொடங்கினர். தலைமைப்பீடத்தாரும் மீண்டும் சுவைத்துப் பார்த்து மனம் மாறினர். 1960ஆம் ஆண்டு அறுவடைக்கு முன், கிறேஞ்சை மீண்டும் செய்க என்ற கட்டளை வந்தது. அது ஒருநாளும் நின்றிருக்கவில்லை என்பது அவர்களுக்குப் பின்னரே தெரியலாயிற்று. முன்பு இகழப்பட்டவற்றுள் ஒன்றாகிய 1955ஆம் ஆண்டு வைன், 1962இல் சிட்னிக் காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றது. பின்னர் அது பெற்ற தங்கப் பதக்கங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. 1951ஆம் ஆண்டு முதல் வைன் விற்பனைக்கே வராமல், பெரும்பாலும் அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அதன் போத்தலொன்று ஏலத்தில் ஒரு இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் விலைபோயிருக்கிறது.

ஷூபேர்ட் 1975இல் ஓய்வு பெற்றார். 1988இல் இங்கிலாந்தின் டிகான்ரர் சஞ்சிகை அவரை அவ்வாண்டின் சிறந்த மனிதராகத் தெரிந்து பாராட்டியது. 1994 மார்ச் மாதத்தில், 79ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, அமெரிக்கச் சஞ்சிகையொன்று 1990ஆம் ஆண்டுக் கிறேஞ்சை உலகின் தலைசிறந்த சிவப்பு வைனாகத் தெரிவு செய்தது.

கதை இவ்வளவுடன் முடிந்திருந்தால், முயற்சி திருவினையாக்கும் என்று கூறி நாமும் முடித்திருப்போம். எமது மாணாக்கரோ கதையின் வேறோர் இடத்தையே சுட்டிக் காட்டினார்.

“ஷூபேர்ட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், சேர். ஹைலண்டைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை” என்றார்.

ஜெவ்றி பென்போல்ட் ஹைலண்ட் என்பவர் அந்நிறுவனத்தின் தென் அவுஸ்திரேலிய நிர்வாகத்தில் உயர் பதவி வகித்தவர். நிலவறையில் நடப்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் தலைமைப்பீடத்துக்கு அறிவிக்கவில்லை. ஷூபேர்ட்டுக்கு அவர் காட்டிய ஆதரவே அம்மூன்று ஆண்டுகளையும் இயலச் செய்தது. வைன் செய்யும் ஆற்றல் ஷூபேர்ட்டுக்கு இருந்தது. அந்த ஆற்றலுக்கு வேண்டிய கால அவகாசத்தைக் கொடுத்தவர் ஹைலண்ட்.

இதனைச் சொல்லிவிட்டு அவர் மௌனமாக இருந்தார். அப்பொழுதுதான் எமக்குப் பன்னிரண்டு போத்தல்கள் நினைவுக்கு வந்தன.

2011ஆம் ஆண்டு மாசி மாதம். அன்று அவர் உயர்தர வகுப்பு மாணவன். நாம் முப்பது வயதைத் தாண்டிய ஆசிரியர். ஒருநாட் காலை ஆய்வுகூடத்தைத் திறந்தபோது கள்ளின் மணம் மூக்கைத் துளைத்தது. தேடினோம். பின்வரிசை அலுமாரியின் அடித்தட்டிலே, பழைய சட்டங்களுக்குப் பின்னால், பஞ்சு அடைத்த பன்னிரண்டு போத்தல்கள் இலக்கமிட்டு வரிசையாக இருந்தன. யார் வைத்தது எனக் கேட்டோம். அவன் எழுந்து நின்றான்.

கருப்பணி கெடாதிருக்கப் பானையிற் சுண்ணாம்பு பூசுவது எம்மூர் வழக்கம். சுண்ணாம்பு குறைந்தாற் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கூடினாற் சுவை கெடும். எவ்வளவு சுண்ணாம்பு இட்டால் எத்தனை நாளைக்குச் சாறு இனிப்பாக இருக்கும் என்பதை அறியவே அவன் அப்போத்தல்களை வைத்திருந்தான். “இன்னும் ஐந்து நாள் தாருங்கள், சேர். எல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறேன்” என்று சொல்லி ஒரு கொப்பியை நீட்டினான். நாம் அதனை வாங்கி, விரித்துப் பாராமலே மேசையில் வைத்தோம். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, பன்னிரண்டு போத்தல்களையும் தொட்டியில் ஊற்றினோம்.

ஊற்றியது மாத்திரமன்று. “இது ஆய்வுகூடம், தவறணை அன்று” என்றுஞ் சொன்னோம். வகுப்புச் சிரித்தது. அவனுடைய தந்தையார் பனையேறிச் சாறு இறக்கும் தொழிலாளி. அது வகுப்புக்குத் தெரியும். எமக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னோமோ, தெரிந்திருந்தமையால் அச்சொல் தானே வாயில் வந்ததோ, இரண்டும் ஒன்றுதான். சிட்னியில் நசுங்கிய எறும்பு என்று சொன்னவர் வைனை மாத்திரமே இகழ்ந்தார். நாம் ஒரு பிள்ளையின் வீட்டையே இகழ்ந்தோம்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர், முந்திரிகைப் பந்தலின் கீழ், நாமாகவே அப்பேச்சை எடுத்தோம். எமக்கு அது எளிதாயிருக்கவில்லை. “அன்று நாம் செய்தது பிழை. சொன்னது அதனினும் பெரிய பிழை” என்றோம். அவர் உடனே, “அதை விடுங்கள், சேர்” என்றார். சிறிது நேரங் கழித்து, கோபமின்றி, பாடஞ் சொல்லுபவர் போல இவ்வாறு கூறினார்:

“அன்று மணத்தது ஒன்றாம் இலக்கப் போத்தல் மாத்திரந்தான், சேர். அது சுண்ணாம்பு இடாதது. ஒப்பீட்டுக்கு வைத்தது. அப்படி ஒன்று வைக்காமற் பரிசோதனை செய்யக்கூடாது என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்.”

நாம் மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பின்னர் அவர் இன்னொன்றுஞ் சொன்னார். பென்போல்ட்ஸ் நிறுவனத்தில் ரே பெக்வித் என்னும் விஞ்ஞானி இருந்தாராம். 1935 முதல் அங்கே பணியாற்றிய அவர், வைனின் பீ.எச். பெறுமானத்தை அளந்து கட்டுப்படுத்துவதன் மூலம் அதனைக் கெடுக்கும் பற்றீரியாக்களைத் தடுக்கலாம் எனக் கண்டறிந்தவர். வைனைக் காக்க அதன் அமிலத்தன்மையைப் பேணவேண்டும். கருப்பணியைக் காக்கவோ சுண்ணாம்பிட்டு அமிலத்தன்மையைக் குறைத்து, எதிர்ப்புறம் செல்லவேண்டும். வழிகள் இரண்டாயினும் கேள்வி ஒன்றே. பதினெட்டு வயதில் எம்மூர்ப் பையன் ஒருவன், பனையேறும் தந்தையின் பானையிலிருந்து, அக்கேள்விக்குத் தானாகவே வந்து சேர்ந்திருந்தான். ஆசிரியராகிய நாமோ மணத்தைக் கண்டோம், கேள்வியைக் காணவில்லை.

“அந்தக் கொப்பி இருக்கிறதா?” எனக் கேட்டோம். “இல்லை, சேர். வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது” என்றார்.

இவரும் ஓர் ஷூபேர்ட் ஆகியிருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எமது குற்றத்தைக் கதையாக்கி இரசிப்பதாகும். ஐந்து நாள் கழிந்திருந்தால் அப்போத்தல்களிலிருந்து பயனுள்ள முடிவு ஒன்று வந்திருக்கலாம்; வராமலும் போயிருக்கலாம். அவர் நல்ல தொழிலில் இருக்கின்றார். நல்ல குடும்பம் அவருக்கு வாய்த்திருக்கிறது. எமது தடையால் அவர் கெட்டுப்போகவில்லை. ஆயினும் அதன் பிறகு பாடசாலைக் காலம் முழுவதும் அவர் எம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது, அன்று நாம் கவனியாத ஒன்று, இன்று எமது நினைவுக்கு வருகிறது.

பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. பிள்ளைகளிடம் ஷூபேர்ட்டின் உறுதியை எதிர்பார்ப்பது எளிது. இகழ்ந்தாலும் தளராதே, தடுத்தாலும் நில்லாதே என்று மேடைகளிற் பேசிவிடலாம். ஆனால் ஷூபேர்ட் நாற்பது வயதைத் தாண்டியவர். தலைமைப் பதவியில் இருந்தவர். ஒளித்து வைக்க நிலவறை உடையவர். ஒரு வகுப்புப் பிள்ளைக்கு ஒளித்து வைக்க இருப்பதோ அலுமாரியின் அடித்தட்டு மாத்திரமே. அதையும் நாம் திறந்து பார்த்து ஊற்றிவிட்டால் அவன் எங்கே போவான்? பிள்ளைகள் ஷூபேர்ட் ஆவது அவர்கள் பாடு. ஹைலண்ட் ஆவது எமது பாடு. அதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஊற்றுமுன் கொப்பியை வாசிக்கும் பொறுமை போதும்.

சென்ற கிழமை எமது ஆய்வுகூடத்தின் பின்வரிசை அலுமாரியை ஒழுங்குபடுத்தி, அடித்தட்டை வெறுமையாக்கினோம். தாமாக ஏதேனும் செய்துபார்க்க விரும்புவோர் அனுமதி பெற்று, பெயரும் நாளும் எழுதி, கொப்பியோடு அங்கே வைக்கலாம் என்று மாணவர்க்கு அறிவித்தோம். இரண்டு நாளாக ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை, வாழைப்பூச் சாற்றில் ஏதோ நிறமாற்றம் பார்க்கப் போவதாகக் கூறி, இரண்டு சிறு போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தது.

“ஏன் இரண்டு?” என்றோம்.

“ஒன்று ஒப்பீட்டுக்கு, சேர்” என்றது பிள்ளை.

கொப்பியை வாங்கி, அங்கேயே அமர்ந்து, முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.